மீசையில் பிடித்த பாலிசல்ஃபைடு

பரீட்சையில் நன்றாக எழுதிய பாடத்தை மட்டும் மனிதர்கள் நம்பக் கூடாது. சுமாராக எழுதிய பாடம் நம்மைப் பயத்திலேயே வைத்திருக்கும். பயம் இருந்தால் புத்தகத்தை இன்னொரு முறை புரட்டுவோம். நன்றாக எழுதிய பாடமோ தோளில் கை போட்டு, "உனக்குத் தெரியாததா?" என்று கொஞ்சிக்கொண்டே கிணற்றடிக்கு அழைத்துப் போய்த் தள்ளிவிடும்.

என்னைத் தள்ளிய பாடம் பாலிசல்ஃபைடு ரப்பர்.

பல் மருத்துவம் படித்தபோது, வாய்க்குள் அச்சு எடுக்கும் பொருள்களைப் பற்றிய கேள்விக்கு பாலிசல்ஃபைடு குறித்து ஆறு பக்கம் எழுதி, வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கினேன். விஷயம் இதுதான். இரண்டு டியூப். ஒன்றில் வெள்ளைப் பசை. அதற்குள் கந்தகம் கோத்த குட்டைக் குட்டைச் சங்கிலிகள் இருக்கும். ஒவ்வொரு சங்கிலியின் நுனியிலும் ஒரு கந்தகம், அதன் கையைப் பிடித்தபடி ஒரு ஹைட்ரஜன். இன்னொரு டியூபில் பழுப்புப் பசை, அதாவது லெட் டை ஆக்சைடு. இரண்டையும் கலந்தால் பழுப்பு போய் ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்ளும். கை காலியான கந்தகங்கள் பக்கத்துச் சங்கிலியின் கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். சங்கிலி நீண்டு நீண்டு, தேன் மாதிரி இருந்த பசை ரப்பர் ஆகிவிடும். (கிட்டத்தட்ட கல்யாணத் தரகர் வேலை. ஆனால் எந்தத் தரகரும் இருக்கிற ஜோடியைப் பிரித்துவிட்டுப் புது ஜோடி சேர்க்க மாட்டார்.)

இதே குடும்பத்து ரப்பரைத்தான் பாலங்களின் கான்கிரீட் இடைவெளியில் அடைக்கிறார்கள், இரட்டைக் கண்ணாடி ஜன்னலின் ஓரத்தில் பூசுகிறார்கள், விமானத்தின் எரிபொருள் தொட்டியில் கசிவு வராமல் தடுக்கிறார்கள். இவ்வளவையும் எழுதியவள், அதே பாடத்தில் இருந்த ஒரே ஒரு வரியை மட்டும் எழுதாமல் விட்டேன். அந்த வரிக்கு அரை மதிப்பெண்கூடக் கிடையாது. அதற்கான தண்டனையைக் கல்லூரி தரவில்லை, செங்கம் சாலை தந்தது.

படிப்பு முடிந்ததும் திருவண்ணாமலை செங்கம் சாலையில், ஆசிரமம் தாண்டி, ஒரு காபிக்கடையின் மாடியில் கிளினிக் திறந்தேன். மூன்று மாதம் ஆகியிருந்தது. படியேறி வருகிறவர்களில் பாதிப்பேர், யோகா வகுப்பு இதுதானா என்று கேட்டுவிட்டு இறங்கிப் போவார்கள். உதவிக்கு செல்வியக்கா இருந்தார். ஊரில் ஒரு பெரிய பல் டாக்டரிடம் பத்து வருடம் வேலை பார்த்தவர். எனக்குத் தெரியாதது எல்லாம் அவருக்குத் தெரியும் என்பதை நாங்கள் இருவருமே நாகரிகமாக மறைத்து வைத்திருந்தோம்.

அப்போதுதான் ஏகாம்பரம் சார் வந்தார். அடி அண்ணாமலைக்காரர். அரசு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். மேல் வரிசையில் ஒரு பல்கூட இல்லை. ஆனால் அந்தக் குறை கண்ணில் படாதபடி மேல் உதட்டை முழுக்க ஆண்டுகொண்டிருந்தது மீசை. அது சாதாரண மீசை இல்லை. நடுவில் அடர்ந்து, இரண்டு பக்கமும் விரிந்து, நுனியில் மேலே வளைந்து, பெரிய மழையில் பஸ் கண்ணாடியைத் துடைக்கிற வைப்பர் போல அவர் பேசும்போதெல்லாம் இடமும் வலமும் ஆடும்.

முதல் நாள் சாதாரண அச்சு எடுத்தேன். அவர் என்னிடம் கேட்ட கேள்விகள்தான் கொஞ்சம் விசித்திரமாக இருந்தன.

"வீட்ல எத்தினி பேரும்மா?"

"நானும் அம்மாவும்தாங்க சார்."

"சமையல் தெரியுமா?"

"சுமாராத் தெரியும்."

"கோவம் ஜாஸ்தி வருமா?"

பல் கட்டுகிறவளுக்குச் சமையல் எதற்கு என்று யோசித்தேன். பாவம், வீட்டில் பேச ஆளில்லை போலிருக்கிறது என்று முடிவு கட்டினேன். (மனிதர்களை எடைபோடுவதில் எனக்கு இருந்த திறமை அப்படி.)

அவருடைய மேல் தாடையின் அளவுக்குத் தட்டு செய்து வைத்தேன். அந்தத் தட்டில் பசையை நிரப்பி இரண்டாவது அச்சு எடுத்தால்தான் பல் செட் கச்சிதமாக உட்காரும். இப்போதெல்லாம் அதற்கு எல்லோரும் சிலிகான் பயன்படுத்துகிறார்கள். வாசனை இல்லை, கறை இல்லை, நாலு நிமிடத்தில் வேலை முடியும். ஆனால் நான் ஆறு பக்கம் எழுதியது சிலிகானைப் பற்றி இல்லையே! வேலூர் கடையில் பாலிசல்ஃபைடு கேட்டேன். கடைக்காரர் உள்ளே போய், டப்பாவின் தூசியைத் தட்டிக்கொண்டே வந்தார்.

"இத யாருங்க டாக்டர் இப்ப கேக்கறாங்க?"

"தெரிஞ்சவங்க கேப்பாங்க" என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

இரண்டாம் முறை அவர் வந்தது அக்னி நட்சத்திரத்தில், ஒரு முற்பகல். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, மீசைக்கு எண்ணெய்கூடப் போட்டிருப்பார் என்று நினைத்தேன். (போட்டிருக்கவில்லை. போட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.) வெயில் ஏற ஏற இந்த ரப்பர் சீக்கிரம் இறுகும் என்பது என் ஆறு பக்கத்தில் மூன்றாவது பக்கம். வாயில் வைப்பதற்குள் இறுகிவிட்டால் என்ன செய்வது என்று பழுப்புப் பசையைக் கொஞ்சம் கம்மி பண்ணினேன். புத்தகம், இரண்டு டியூபிலிருந்தும் சம நீளத்துக்குப் பிதுக்கு என்கிறது. புத்தகம் எழுதியவர் திருவண்ணாமலை வெயிலைப் பார்த்தாரா என்ன?

கலக்க ஆரம்பித்ததும் நாற்றம் கிளம்பியது. அழுகின முட்டை நாற்றம். சமையல் கேஸ் கசிந்தால் தெரிய வேண்டும் என்று அதில் ஒரு கந்தகச் சரக்கைக் கலக்கிறார்கள் அல்லவா, என் வெள்ளைப் பசை அதற்குப் பங்காளி. இரண்டு நிமிடத்தில் கீழேயிருந்து காபிக்கடைக்காரர் கத்தினார்.

"கேஸ் லீக் ஆவுது! எல்லாம் வெளிய வாங்க!"

நாற்காலிகள் சரியும் சத்தம் கேட்டது. செல்வியக்கா, "ஐயோ, அது கேஸ் இல்லீங்க, நம்ம டாக்டரு!" என்று கூவிக்கொண்டே படியிறங்கி ஓடினார். எங்கள் வரவேற்பறையில் பல் சுத்தம் செய்ய வந்திருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் மட்டும் கண்ணை மூடிச் சம்மணமிட்டபடி அசையாமல் இருந்தார். அந்த மலையடிவாரத்தில் எந்த வாசனைக்கும் ஓர் அர்த்தம் இருக்கும் என்று நம்பியிருப்பார்.

கலந்த பசை காத்திருக்காது. செல்வியக்கா இல்லாமலே தட்டில் நிரப்பி, ஏகாம்பரம் சார் வாயில் வைத்து அழுத்தினேன். ஓரத்தில் வழிந்த பசை உதட்டின் மேலே ஏறியது. அதைப் பிறகு துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். விரலை எடுத்தால் தட்டு நகர்ந்துவிடும்.

"சார், இது இறுக ஒரு பத்து நிமிஷம் ஆகும். மூக்கால மூச்சு விடுங்க. பேசக் கூடாது."

"ம்ம்" என்றார்.

இந்த மாதிரி நேரத்தில் நோயாளிக்குக் குமட்டும். குமட்டாமல் இருக்க அவர் கவனத்தைத் திருப்ப வேண்டும். அதற்கு டாக்டர் ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். நான் பேசினேன். முதலில் வெயில். அப்புறம் பௌர்ணமிக் கூட்டம். நான்கு நிமிடம் ஆயிற்று. பசையை நகத்தால் அழுத்தினேன், அப்படியே அமுங்கியது. இறுகவில்லை. என் கையில் விஷயமும் தீர்ந்துபோயிருந்தது. அப்போதுதான் அந்தப் பேச்சை எடுத்தேன்.

"எங்கம்மாவோட ஒரே ரோதனை சார். ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வர்றாங்களாம். பையன் வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீஸ்ல வேலை. போட்டோ காட்டினாங்க. சிரிக்கவே இல்ல சார். ஃபைல் பறக்காம இருக்க மேல வப்பாங்களே பேப்பர் வெயிட்டு, அது மாதிரி உக்காந்திருக்காரு."

அவர் புருவம் ஏறியது. ரசிக்கிறார் என்று நினைத்தேன்.

"வாயைத் தொறந்திருந்தா பல்லாச்சும் பாத்திருக்கலாம். பல்லு இருக்கானே டவுட்டா இருக்கு."

"ங்ங்" என்றார். குமட்டலோ என்று தலையைக் கொஞ்சம் நிமிர்த்திவிட்டேன்.

"அப்பா வேற ரொம்பக் கறார் பேர்வழியாம். எனக்கென்னமோ சந்தேகம் சார். ஓசில பல் கட்டிக்கலாம்னுதான் டாக்டர் பொண்ணா தேடறாங்களோ என்னமோ."

இந்த முறை அவர் இரண்டு கையாலும் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "ங்ங்ங்! ங்ங்!" என்றார். கண்ணில் தண்ணீர்.

"ஆமாங்க சார், எனக்கும் அப்படித்தான் கோவம் வந்துச்சு" என்றேன்.

என் போன் அடித்தது. கையில் உறை, விரலில் தட்டு. காபிக்கடையைச் சமாதானப்படுத்திவிட்டு வந்த செல்வியக்கா போனை எடுத்து, எனக்கு வசதியாக இருக்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு, ஏகாம்பரம் சார் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தார். அம்மா.

"மேகலா, ஏகாம்பரம் சார் வந்துட்டாரா? நல்லபடியா பாத்து அனுப்பு. இப்பதான் அவங்க வீட்டம்மா போன் பண்ணாங்க. உன்ன அவருக்கு ரொம்பப் புடிச்சிருக்காம்!"

"அம்மா, எதுக்குப் புடிக்கணும்?"

"பையனோட அப்பாடி அவரு! பல்லு கட்டற சாக்குல உன்னையும் பாத்துட்டு வரேன்னாரு. சொன்னா நீ டென்ஷன் ஆவேனு சொல்லல. ஏன் பேச மாட்டேங்கற? மேகலா?"

செல்வியக்கா போனை அணைத்தார். என் இரண்டு விரல்களும் இன்னும் அவர் வாய்க்குள். அவர் கண்ணும் என் கண்ணும் ஒரு சாண் தூரத்தில்.

இந்த இடத்தில் யாராக இருந்தாலும் ஓடிப்போயிருப்பார்கள். நான் ஓட முடியாது. பசை இறுகவில்லை. பழுப்பைக் கம்மி பண்ணினேனே, அதன் பலன். வாயில் இருக்கிற கந்தகங்கள் ஒன்றையொன்று தேடிக் கைகோப்பதற்கு இன்னும் பத்து நிமிடம் தேவைப்பட்டது.

"சார், போட்டோ நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன்.

"ம்ம்."

"பேப்பர் வெயிட்னு சொன்னது... நல்ல ஸ்டெடியான ஆளுங்கற அர்த்தத்துல."

"ம்ம்."

"நீங்களும் ஓசில எல்லாம் இல்லீங்க சார்."

இதற்கு அவர் 'ம்ம்' கூடச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

மொத்தம் பதினெட்டு நிமிடம். ஒருவழியாக அழுத்திய இடம் துள்ளி எழுந்தது, ரப்பர் ஆகிவிட்டது. தட்டை அசைத்து இழுத்தேன். அண்ணத்திலிருந்து 'பக்' என்று அழகாகக் கழன்று வெளியே வந்தது. ஆனால் என் கைக்கு முழுதாக வரவில்லை. மீசையின் வலது பாதி தட்டோடு சேர்ந்து வந்துகொண்டிருந்தது.

வழிந்த பசை முடிக்குள் புகுந்து, அங்கேயே வேர் விட்டு ரப்பராகியிருந்தது. இழுத்தால் நீளும், அறாது. (கிழியாமல் நீளும் தன்மை: நான்காவது பக்கம்.) ஒரு விரல் நீளம் இழுத்துப் பார்த்தேன். கை நழுவியது. தட்டு 'தட்' என்று திரும்பிப் போய் அவர் முகவாயில் மோதித் தொங்கியது.

அச்சு எடுப்பதற்கு முன்னால் உதட்டிலும் மீசையிலும் வாசலின் தடவ வேண்டும். அதுதான் நான் எழுதாமல் விட்ட வரி.

"வாசலினு தடவலையா?" என்று செல்வியக்கா மெல்லக் கேட்டார். நான் வாசலின் டப்பாவை அலமாரிக்குள் தள்ளியதைப் பார்த்து, "சரி வுடும்மா. வண்டில பெட்ரோல் இருக்குது, துணில கொஞ்சம் நனைச்சுத் தேச்சா கரைஞ்சிடும்" என்றார்.

"கரையாதுக்கா. விமானத்துல பெட்ரோல் டேங்க்குக்கே இதத்தான் பூசறாங்க."

ஏகாம்பரம் சார் அன்று முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"இன்னாது, ஏரோப்ளேனுக்குப் பூசறதையா எம்மூஞ்சில பூசின?"

ஸ்பிரிட் தேய்த்தோம். தேங்காய் எண்ணெய் தேய்த்தோம். செல்வியக்கா கீழே ஓடி ஐஸ் கட்டி வாங்கி வந்து வைத்தார். ரப்பர் பளபளப்பானது, அவ்வளவுதான். இந்த ரப்பரை முதலில் உண்டாக்கியவர் வேறு எதையோ செய்யப் போனவராம். கழுவுதொட்டியை ஒரு நாற்றப் பிசின் அடைத்துக்கொள்ள, எந்தத் திரவத்தை ஊற்றியும் அது கரையவில்லை என்றதும் 'ஆகா, பெரிய கண்டுபிடிப்பு' என்று மகிழ்ந்தாராம். மகிழ்வார். அவருடைய தொட்டிக்கு மீசை இல்லை.

கடைசியில் கத்தரியை எடுத்தேன். அவசரத்தில் முதல் வெட்டே தேவைக்கு மேல் போய்விட்டது. தட்டு கழன்றது. அவரே கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். இடப்பக்கம் பழைய கம்பீரம். வலப்பக்கம் பழுப்புக் கறையோடு வெறும் உதடு. சட்டை முழுக்கப் பழுப்பு, அது எந்தச் சோப்புக்கும் போகாது என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"இன்னொண்ணையும் எடுத்துடும்மா" என்றார். "ஒத்த ஹெட்லைட்டோட வண்டி எடுக்கக் கூடாது."

எடுத்தேன். அழுதுகொண்டேதான் எடுத்தேன். அவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு எழுந்து, கதவு வரை போய்த் திரும்பினார்.

"எம்பையன் நல்லா சிரிப்பான்மா. போட்டோக்காரன்தான் ஆடாத, அசையாதன்னு மெரட்டிட்டான்."

படியிறங்கிப் போனார். அதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

இந்த அச்சில் ஒரு மணி நேரத்துக்குள் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் சுருங்கிவிடும். மூக்கைத் துடைத்துக்கொண்டு ஊற்றினேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அண்ணத்தின் ஒவ்வொரு வரியும் விழுந்திருந்தது. நான் எடுத்ததிலேயே ஆகச் சிறந்த அச்சு அதுதான். ஓரத்தில் மட்டும் நரைமுடி நீட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பேப்பர் வெயிட் வரை வந்தபோது அம்மா தலையில் கை வைத்தாள். ஓசிப் பல் என்றபோது உட்கார்ந்தாள். மீசை என்றதும், "போன மாசம்தான் கல்யாணத் தரகர் சொன்னாரு, அந்த மீசைய அவங்க தெருவுல எல்லாருக்கும் தெரியும்னு" என்று முனகிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அவர்கள் வீட்டிலிருந்து போன் வந்தது. அவருடைய மனைவி. அம்மா மன்னிப்புக் கேட்க ஆரம்பிப்பதற்குள் அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. மூச்சு வாங்கச் சிரிக்கிறார், நிற்கவில்லை.

"அட, மன்னிப்பெல்லாம் எதுக்குங்க? கல்யாணம் ஆன நாளா எடுங்க எடுங்கன்னு சொல்றேன், காதுலயே வாங்கல. உங்க பொண்ணு ஒரே சிட்டிங்ல முடிச்சிட்டா! மனுசனுக்கு மேல் உதடுன்னு ஒண்ணு இருக்குதுன்னு இன்னிக்குத்தாங்க பாக்கறேன். ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வரோம்."

வந்தார்கள். ஏகாம்பரம் சார் கைக்குட்டையோடு ஒரு மூலையில் உட்கார்ந்தார். பையன் சரவணன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சிரித்தான். உள்ளே வந்தும் சிரித்தான். காபியை வாங்கும்போதும் எல்லாப் பல்லும் தெரிகிற மாதிரி, எங்கள் கல்லூரிச் சுவரில் மாட்டியிருந்த படம் போலச் சிரித்தான். கன்னம் வலித்திருக்கும்.

மாடியில் பேச விட்டார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்பா எல்லாத்தையும் சொன்னாரு" என்றான். "பேப்பர் வெயிட்டு வரைக்கும்."

கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

"முப்பத்திரெண்டும் இருக்குங்க. வேணும்னா எண்ணிக்கங்க."

எண்ணினேன். (தொழில் தொழில்தானே.) இருபத்தொன்பதுதான் இருந்தது. கீழ்க்கடைவாயில் ஒரு சொத்தை வேறு.

"புதன்கிழமை வந்துடுங்க, அடைச்சிடலாம்" என்றேன். அதைத்தான் எங்கள் வீட்டில் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கல்யாண போட்டோவில் என் மாமனாரின் மீசை அரைகுறையாக வளர்ந்திருக்கும். மேக்கப் போட வந்த பெண் மை தீட்டி மிச்சத்தைச் சரிக்கட்டினாள். அவர் வாயிலிருந்த பல் செட் மட்டும் யாரும் குறை சொல்ல முடியாதபடி ஜொலித்தது. இன்றுவரை அதை வைத்து முறுக்கு கடிக்கிறார். கதையையும் அவரே எல்லோருக்கும் சொல்கிறார். சொல்லச் சொல்ல வளர்கிறது. இப்போதைய நிலவரப்படி, தட்டு மூன்று மணி நேரம் தொங்கியது, தீயணைப்பு வண்டி வந்தது, விமான நிலையத்துக்கு போன் போட்டு யோசனை கேட்டார்கள்.

என் மாமியார் அதை இன்னும் சுருக்கிப் பழமொழி ஆக்கிவிட்டார். போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் பக்கத்து இலையில் ஒரு பெரியவர், வாய் நிறையச் சோறு. நான் மரியாதைக்குப் பேச்சுக் கொடுத்தேன். "ரசமா சார் இது? சமையல்காரரை யாரு புடிச்சாங்களோ தெரியல" என்று ஆரம்பித்தேன். எதிர் வரிசையிலிருந்து மாமியாரின் குரல் பந்தி முழுக்கக் கேட்டது.

"ஏம்மா டாக்டரு, பக்கத்துல இருக்கறவரு வாயில ரப்பர் இருக்குதான்னு பாத்துட்டுப் பேசு!"

நான் திரும்பிப் பார்த்தேன். பெரியவர் நிதானமாகச் சோற்றை விழுங்கிவிட்டு, சமையல்காரரைப் பிடித்தது தான்தான் என்றார்.